கேலி நின்றுபோன ஜனவரி

ஆற்றங்கரைக் குடிலில் ஜனவரி மாதம் பெரிதாக வேலை எதுவும் இருக்காது. இரும்பு அடுப்பில் பிர்ச் விறகு எரியும். தூண்டில் ரீல்களைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டு, மறுபடி பூட்டுவார்கள். போன வருஷமும் அதே ரீல்தான், அதற்கு முந்தின வருஷமும் அதே ரீல்தான். சுவரில் தொங்கும் நாட்காட்டியில் பிப்ரவரி 1ஐச் சுற்றி யாராவது சிவப்பு மையில் வட்டம் போட்டிருப்பார்கள். டீ ஆற்றில் சால்மன் மீன் பிடிக்கும் பருவம் திறக்கும் நாள் அது. அக்டோபர் 15இல் மூடியதிலிருந்து மூன்றரை மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாக வேண்டும். இந்தக் கிழவர்கள் அந்த மூன்றரை மாதத்தை ஒருவரை ஒருவர் கலாய்த்தே ஓட்டிவிடுவார்கள்.

ஆற்றின் பெயர் டீதான். ஸ்காட்லாந்தின் வடகிழக்கில், கெயர்ன்கார்ம் மலைகளில் 1,200 மீட்டருக்கும் மேலே ஊற்றெடுத்து, பிரேமர், பாலட்டர், அபாயின், பாங்கரி என்று ஊர் ஊராக இறங்கி, ஏறக்குறைய 140 கிலோமீட்டர் ஓடி அபர்டீன் துறைமுகத்தில் கடலில் சேரும். 2006இல் அபர்டீனுக்கு எண்ணெய்க் கம்பெனி வேலைக்கு வந்தேன். சில வருஷம் கழித்து பாங்கரிக்குப் பக்கத்தில் வீடு வாங்கினோம். வேலி ஓரமாக நின்று ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்த என்னை ஒருநாள் தபால்காரர் கையைப் பிடித்து குடிலுக்குள் கூட்டிக்கொண்டு போனார். அன்றிலிருந்து குளிர்காலத்துச் சனிக்கிழமைகள் எனக்கு அங்கேதான்.

அந்த வாசற்படியில் ஏறும்போதெல்லாம் நடக்கும் சடங்கு ஒன்று உண்டு. உள்ளே இருந்து ஒரு குரல், "ஃபூஸ் யெர் டூஸ்?" என்று கேட்கும். உன் புறாக்களெல்லாம் எப்படி இருக்கு என்று அர்த்தம். "ஐ பெக்கின்" என்று பதில் சொல்ல வேண்டும். கொத்திக்கிட்டேதான் இருக்கு. டோரிக் என்கிற இந்த வட்டாரப் பேச்சில் நலம் விசாரிப்பது இப்படித்தான். யாரிடமும் புறா கிடையாது. பையனை இங்கே 'லூன்' என்பார்கள். எண்பத்து நான்கு வயதுக்காரர் எழுபத்தெட்டு வயதுக்காரரை "வா லூன், உட்காரு லூன்" என்று கூப்பிடுவதை முதல்முறை கேட்டபோது எங்கள் கம்பத்து டீக்கடை பெஞ்சு ஞாபகம் வந்தது. அங்கேயும் பல் போன பிறகும் "டேய் பயலே"தான்.

நிரந்தரமாக வருகிறவர்கள் நாலு பேர். பெயர்கள் இங்கே வேண்டாம். மூத்தவர் தபால்காரர், எண்பத்து நான்கு. அடுத்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மூன்றாமவர் கில்லி. நம் ஊரில் கில்லி என்றால் கெட்டிக்காரன். இங்கே ஸ்காட்லாந்தின் கேலிக் (Gaelic) மொழியில் 'கில்லே' என்றால் பையன், பணியாள். ஆற்றை அங்குலம் அங்குலமாகத் தெரிந்து வைத்துக்கொண்டு, மீன் பிடிக்க வருகிறவர்களுக்குத் துணை நிற்கிறவரை கில்லி என்பார்கள். எங்கள் கில்லி நாற்பது வருஷம் அந்த வேலை பார்த்தவர். இரண்டு அர்த்தமும் அவருக்குப் பொருந்தும். நாலாவது ஆள், எழுபத்தொரு வயது நர்ஸ் அம்மா. நால்வரில் மிகத் தூரம் லைன் (தூண்டில் கயிறு) வீசுகிறவர் அவர்தான். அதை மற்ற மூவரும் ஒத்துக்கொண்டதே இல்லை.

கேலிக்கு அங்கே நிலையான தலைப்புகள் உண்டு. முதல் தலைப்பு, தலைமையாசிரியரின் கெல்ட்.

இதை விளக்கியாக வேண்டும். சால்மன் கடலில் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே முட்டையிடத் திரும்பும். இரண்டு குளிர்காலமோ அதற்கு மேலோ கடலில் கழித்து, கிரீன்லாந்து வரைக்கும் போய் மேய்ந்துவிட்டு, பிப்ரவரி மார்ச்சிலேயே ஆறேறும் மீனுக்கு ஸ்பிரிங்கர் என்று பெயர். புதுசாக வார்த்த வெள்ளி மாதிரி இருக்கும். வால் பக்கம் கடல் பேன் ஒட்டியிருந்தால் ஒன்றிரண்டு நாளுக்குள் உப்புத்தண்ணீரிலிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளலாம். அதே சமயம் ஆற்றில் இன்னொரு சால்மனும் இருக்கும். நவம்பர் டிசம்பரில் முட்டையிட்டு, மாதக்கணக்கில் பட்டினி கிடந்து, ஒட்டிய வயிறோடு கடலுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிற மீன். அதுதான் கெல்ட். பெரும்பாலானவை வழியிலேயே செத்துப்போகும். பிழைத்தவை கடலை நெருங்க நெருங்க மறுபடி வெள்ளி நிறம் பூசிக்கொள்ளும். அங்கேதான் ஏமாறுவார்கள். செவுளைத் தூக்கிப் பார்த்தால் வெள்ளையாகப் புழு மாதிரி ஒட்டுண்ணி இருக்கும், துடுப்புகள் கிழிந்திருக்கும், தலை உடம்புக்குப் பெரிதாகத் தெரியும். கெல்ட்டைக் கொல்வது சட்டப்படி குற்றம், உடனே விட்டுவிட வேண்டும். அதைப் பிடித்தேன் என்று யாரும் பெருமையும் பேசுவதில்லை.

முப்பது வருஷத்துக்கு முன்னால் பருவம் திறந்த அன்றே தலைமையாசிரியர் ஒரு மீனைப் பிடித்து, முதல் ஸ்பிரிங்கர் என்று படமும் எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டார். படம் கழுவி வந்தபோது கில்லி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாராம். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லையாம். பிறகு, "நல்ல மீன்தான் லூன். போற வழியில உன்கிட்ட விடை வாங்கிட்டுப் போக வந்திருக்கு" என்றாராம். அந்தப் படம் இன்றைக்கும் குடிலின் சுவரில் இருக்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் முதல் சனிக்கிழமை நாலு பேரும் எழுந்து நின்று அதற்கு ஒரு விஸ்கி வைப்பார்கள். தலைமையாசிரியரும் நிற்பார். "அந்த மீன் என்னைவிட ஒல்லியா இருந்ததுனாலதான் ஏமாந்தேன்" என்பார். அவருக்கு அந்தக் கேலி சலித்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. ஒரு வருஷம் அவர் இடுப்பு அறுவைசிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, "இன்னிக்குப் படத்துக்கு விஸ்கி வெச்சாச்சா?" என்று போன் போட்டுக் கேட்டார்.

இரண்டாவது தலைப்பு, தபால்காரரின் ஃபிளைப் பெட்டிகள். ஃபிளை என்று பெயர் இருந்தாலும் சால்மனுக்குப் போடுவது ஈயைப் போல இருக்காது. முள்ளில் இறகும் மிருகமுடியும் பட்டுநூலும் வெள்ளிச் சரிகையும் சுற்றிக் கட்டிய பொய் இரை அது. ஆற்றுக்குள் வந்துவிட்ட சால்மன் எதையும் தின்பதில்லை. தின்னாத மீன் எதற்காக இந்த இறகைக் கவ்வுகிறது என்பதற்கு ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். பழைய பழக்கம் என்பார் தலைமையாசிரியர். எரிச்சல் என்பார் நர்ஸ் அம்மா. அதை மீனிடம்தான் கேட்க வேண்டும் என்பார் கில்லி. தபால்காரரிடம் நானூறு ஃபிளைக்கு மேல் உண்டு, தகரப் பெட்டி தகரப் பெட்டியாக. அவர் பெட்டியைத் திறந்தால் போதும், கில்லி ஆர்தர் வுட் கதையை ஆரம்பித்துவிடுவார். இதே ஆற்றில், பாங்கரிக்கு மேலே கெயர்ன்டனில், 1913 முதல் 1934 வரை மூவாயிரத்துக்கும் மேல் சால்மன் பிடித்தவர் வுட். லைனுக்குக் கொழுப்புத் தடவி மிதக்கவிட்டு, தண்ணீரின் மேல்மட்டத்திலேயே சின்ன ஃபிளையை நீந்தவிடும் முறையைக் கொண்டுவந்தவர். சில சமயம் இறகே இல்லாத வெறும் முள்ளுக்குச் சிவப்போ நீலமோ பெயின்ட் அடித்துப் போட்டே பிடித்திருக்கிறார். "வுட்டுக்கு ஒரு டப்பா பெயின்ட் போதும். உனக்கு நானூறு கோழி செத்திருக்கு" என்பார் கில்லி. தபால்காரர் அசரமாட்டார். ஒவ்வொரு ஃபிளையாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "பொறாமை ஒரு நோய் லூன், நர்ஸ்கிட்ட காட்டு" என்பார்.

என்னை அந்தக் கூட்டத்தில் சேர்த்ததும் அந்தப் பெட்டிகளில் ஒன்றுதான். முதல் குளிர்காலம். மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பேன். எல்லாரும் என்னிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். டீ வேண்டுமா, குளிருகிறதா, அடுப்புப் பக்கம் வாருங்கள். அந்த மரியாதையில் ஒரு தூரம் இருந்தது. ஒருநாள் தபால்காரர் தன் அப்பா கட்டிய ஜாக் ஸ்காட் ஃபிளையை என் உள்ளங்கையில் வைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜாக் ஸ்காட் என்ற பெயருடைய ஒரு கில்லி உருவாக்கிய ஃபிளை அது. பாதி மஞ்சள் பட்டு, பாதி கறுப்புப் பட்டு, மேலே பல பறவைகளின் இறகு. அதன் இரண்டு பக்கத்திலும், கறுப்பு இறகின் நடுவில், மெழுகை உருக்கிச் சொட்டுவிட்ட மாதிரி தந்த நிறத்தில் ஒரு புள்ளி. விரலால் தடவினேன். இறகுதான், ஆனால் நகம் மாதிரி வழவழவென்று இருந்தது.

எனக்கு அது தெரியும். சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு. மேகமலை அடிவாரத்தில், விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஏறும் பாதையில், புதருக்குள்ளிருந்து விட்டு விட்டுக் கூவும். பாறையில் ஏறி நின்றால் அந்தக் கழுத்துப் புள்ளிகள் வெயிலில் மின்னும். தாத்தா காட்டித் தந்தது. தென்னிந்தியாவையும் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய காடுகளையும் விட்டால் அந்தப் பறவைக்கு உலகத்தில் பெரிதாக வேறு இடம் கிடையாது. அதன் கழுத்து இறகு கப்பலேறி வந்து நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாகத் தூண்டில்காரர்களின் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறது. ஃபிளைக்கும் தொப்பிக்குமாக அவ்வளவு கோழி செத்திருக்கிறது. 1902இல் பிரிட்டிஷ் அரசே இந்தியாவிலிருந்து காட்டுப் பறவை இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவைக்கே காவல் போட்டது. இன்றைக்கு ஃபிளைக்கு வருகிற இறகு இங்கேயே பண்ணையில் வளர்க்கிற கோழிகளுடையது.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் குடிலில் சத்தமே இல்லை. வாழ்நாளெல்லாம் அந்த இறகை ஜங்கிள் காக், ஜங்கிள் காக் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள். அந்தப் பறவையின் குரலைக் கேட்ட ஒரு ஆளை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. "எப்படிக் கூவும்?" என்று கேட்டார் தபால்காரர். நான் கூவிக் காட்டினேன். ஒரு நொடி அமைதி. பிறகு கில்லி மெதுவாக, "இவ்வளவு சத்தமா கூவினா கழுத்தை அறுத்து ஃபிளை கட்டாம என்ன பண்ணுவாங்க" என்றார். நாலு பேரும் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தக் குடிலில் என் பெயர் ஜங்கிள் காக். அடுப்புப் பக்கம் யாரும் கூப்பிடுவதில்லை. விறகு எடுத்து வரச் சொல்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் யாரை யார் கேலி செய்யலாம் என்பதற்கு ஒரு முறை உண்டு. மாமன், மச்சான், கொழுந்தியாள், தாத்தாவுக்குப் பேரன். திருவிழா முடிந்து மஞ்சத்தண்ணி ஊற்றுவதென்றாலும் முறைக்காரர்தான் ஊற்ற வேண்டும். பெரியப்பாவிடமோ பங்காளியிடமோ அந்தப் பேச்சு ஆகாது. ஒருவன் நம்மைக் கேலி செய்கிறான் என்றால் அவன் நமக்கு ஏதோ ஒரு முறை ஆகிறான் என்று அர்த்தம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குத் தோன்றியது அதுதான். பதினைந்தாயிரம் மரியாதைச் சொல் தராததை ஒரு பட்டப்பெயர் தந்துவிட்டது. எனக்கு இந்த ஊரில் முறைக்காரர்கள் கிடைத்துவிட்டார்கள்.

நர்ஸ் அம்மாவின் கேலி வேறு ரகம். ஆண்கள் மீனின் நீளத்தைக் கையால் காட்ட ஆரம்பிக்கும் வரை பொறுமையாக இருப்பார். பிறகு, "7 அக்டோபர் 1922" என்பார், அவ்வளவுதான். மூவரும் முனகுவார்கள். ஸ்காட்லாந்தின் இன்னொரு ஆறான டேயில் அன்றைக்கு மிஸ் ஜார்ஜினா பாலன்டைன் பிடித்த 64 பவுண்டு சால்மன்தான், அதாவது 29 கிலோ, பிரிட்டனில் தூண்டிலில் பிடித்த மிகப் பெரிய சால்மன். நூறு வருஷம் தாண்டியும் யாரும் அதை முறியடிக்கவில்லை. "அது ஃபிளை இல்லை, செத்த மீனை இரையாகக் கட்டிச் சுழலவிட்டது" என்று தலைமையாசிரியர் ஒவ்வொரு வருஷமும் வலையில் வந்து விழுவார். உடனே, "சரி, ஃபிளைக்கே வர்றேன். டெவரான் ஆறு, 1924, 61 பவுண்டு" என்பார் நர்ஸ் அம்மா. அதைப் பிடித்தவர் திருமதி மோரிசன். அதுவும் பெண். "நீங்க மூணு பேரும் சேர்ந்து பிடிச்ச மீனையெல்லாம் தராசில் போட்டாலும் அந்த ரெண்டு பொம்பளைங்களோட மீன் தட்டு மேலே எழும்பாது" என்று சொல்லிவிட்டுப் பின்னலை எடுத்துக்கொள்வார்.

இவ்வளவு சிரிப்புக்கும் அடியில் ஒரு துக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். குடிலில் ஒரு பதிவேடு இருக்கிறது. பழைய பக்கங்களைப் புரட்டினால் வசந்தகால வாரம் ஒன்றுக்கே பக்கம் போதாமல் ஓரத்தில் எழுதியிருப்பார்கள். இப்போது ஒரு பக்கத்தில் ஒரு மாதம் அடங்கிவிடுகிறது. ஸ்காட்லாந்து முழுவதும் 2010இல் தூண்டிலில் பிடிபட்ட சால்மன் ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2023இல் அது 33,000 அளவுக்கு இறங்கியது. 1952இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அதுவரை அவ்வளவு குறைவு வந்ததே இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மன் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. கடலுக்குப் போகிற குஞ்சுகளில் திரும்பி வருபவை குறைந்துவிட்டன. ஆறும் சூடாகிறது. பிடிக்கிற ஸ்பிரிங்கரை இங்கே யாரும் வீட்டுக்குக் கொண்டு போவதில்லை. ஏப்ரலுக்கு முன்னால் கொல்லக் கூடாது என்று 2015 முதல் சட்டமே இருக்கிறது. டீ ஆற்றுக்காரர்கள் அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே, 1990களிலேயே, விட்டுவிடும் பழக்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். தபால்காரர் பிடித்த மீனைத் தண்ணீருக்கு வெளியே தூக்கவே மாட்டார். ஓட்டத்தைப் பார்த்துத் தலையைத் திருப்பி, வயிற்றுக்கு அடியில் ஒரு கையும் வால் மூட்டில் ஒரு கையுமாகப் பிடித்துக்கொண்டு நிற்பார். விரல்கள் விறைத்துச் சிவந்துவிடும். மீன் தானாக உதறிக்கொண்டு போகும்வரை அசையமாட்டார். பேத்தியை முதல் நாள் பள்ளிக்கூட வாசலில் விட்டவரைப் போல, அது போன திசையையே கொஞ்ச நேரம் பார்ப்பார்.

மேல் டீயில் ஓடைக்கரைகளெல்லாம் மொட்டை. நிழல் இல்லாமல் கோடையில் தண்ணீர் கொதிப்பேறுகிறது. அங்கே பத்து லட்சம் மரம் நடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் நாங்களும் ஒரு நாள் போனோம். ஆல்டரும் ரோவனும் பிர்ச்சும். தபால்காரர் முட்டி போட்டு, ஒவ்வொரு கன்றையும் கையாலேயே அமுக்கி நட்டார். தலைமையாசிரியர் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு, "பாருங்க, இனி பிறக்கப் போறவங்களும் லைனைச் சிக்கவைக்கணும்னு மரம் நடுறாரு" என்றார். தபால்காரர் நிமிர்ந்து பார்க்காமலே, "இது வளர்றப்ப எனக்கு நூத்திப்பத்து. அப்பவும் உன் லைன்தான் சிக்கும்" என்றார்.

போன ஏப்ரலில் அவர் ஆற்றில் விழுந்தார்.

தண்ணீர் இடுப்பளவுதான். மார்பு வரை ஏறும், தண்ணீர் புகாத வேடர்ஸ் என்ற கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, பதினைந்தடிக் கோலை இரண்டு கையாலும் பிடித்து வீசிக்கொண்டிருந்தார். மலையில் பனி உருகி வந்த தண்ணீர், பாசி பிடித்த உருண்டைக் கல். ஒரு அடி எடுத்து வைத்தார், கால் போய்விட்டது. நான் கரையில் இருந்தேன். தொப்பி மிதந்து போவதைத்தான் முதலில் பார்த்தேன். ஓட்டத்தில் கொஞ்சம் கீழே கில்லி நின்றிருந்ததால் தபால்காரர் தப்பித்தார். கில்லி வலைக் கம்பை நீட்டி, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினார். நர்ஸ் அம்மா ஈரத்தைக் கழற்றி, கம்பளிகளைச் சுற்றி, காரில் ஹீட்டரைப் போட்டு உட்காரவைத்தார். அவர் உதடு நீலமாக இருந்தது. கோலை மட்டும் கடைசி வரை விடவில்லை. விரல்களைப் பிரித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

வேறு யாருக்கு நடந்திருந்தாலும் அந்தக் குடிலில் பத்து வருஷத்துக்குப் போதுமான தீனி. மிதந்து போன தொப்பி, விடாத கோல், காலரைப் பிடித்துத் தூக்கியது. ஆனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. கோடை போனது, அக்டோபர் போனது. இந்த ஜனவரி முதல் சனிக்கிழமை கெல்ட்டுக்கு விஸ்கி வைத்தார்கள், ஜங்கிள் காக்கை விறகு எடுக்க அனுப்பினார்கள். தபால்காரர் பெட்டியைத் திறந்தார். கில்லி ஆர்தர் வுட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அழகா இருக்கு" என்றார். தபால்காரர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினார்.

அன்று நான்தான் அவரைக் காரில் வீட்டில் விட்டேன். பாலம் தாண்டும்வரை பேசவில்லை. பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "எல்லாரும் என்கிட்ட மரியாதையா பேசுறாங்க, கவனிச்சியா? என் தம்பிகிட்டயும் கடைசி ரெண்டு மாசம் அப்படித்தான் பேசினோம்."

இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் நர்ஸ் அம்மா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் பின்னல் ஊசிகளைக் கீழே வைத்தார். தபால்காரரின் மகள் கோடையிலேயே மூவருக்கும் தனித்தனியாகப் போன் செய்திருக்கிறாள். அப்பா இனி ஆற்றில் இறங்கக் கூடாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னால் கேட்பார் என்று அழுதிருக்கிறாள். மூவரும் சரி என்றிருக்கிறார்கள். ஆறு மாதமாக ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்லிச் சிரிப்பது என்றும் தெரியவில்லை. கேலி செய்தால் அந்தப் பேச்சில் போய் முடிந்துவிடும் என்று பயந்து மூவரும் நல்லவர்களாகிவிட்டார்கள். "நாற்பது வருஷம் எத்தனையோ பேர்கிட்ட எவ்வளவோ கெட்ட சேதி சொல்லியிருக்கேன், இதைச் சொல்ல வரலையே" என்றார்.

அடுத்த சனிக்கிழமை தலைமையாசிரியர் ஒரு பெரிய காகிதப் பையோடு வந்தார். தபால்காரர் மடியில் வைத்தார். உள்ளே குழந்தைகள் நீச்சல் பழகக் கையில் மாட்டும் ஆரஞ்சு நிறக் காற்றுப்பை இரண்டு. ஒவ்வொன்றிலும் வாத்துப் படம்.

யாரும் மூச்சு விடவில்லை. அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. தபால்காரர் ஒரு பையை எடுத்தார். வாயில் வைத்து ஊதினார். மூடியை அழுத்தினார். கோட்டின் மேலேயே முழங்கைவரை ஏற்றிப் பார்த்தார், அதற்கு மேல் ஏறவில்லை. "அளவு சின்னது. உனக்கு எடுத்ததை எனக்குத் தந்துட்டே லூன்" என்றார்.

அந்தச் சிரிப்பை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒன்பது மாதத்துச் சிரிப்பு அது. கில்லி கண்ணைத் துடைத்துக்கொண்டே, தொப்பி அபர்டீன் துறைமுகத்தைத் தாண்டி நார்வேக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், அங்கே ஒரு சால்மன் அதைப் போட்டுக்கொண்டு திரிகிறது என்றார். நர்ஸ் அம்மா, காரில் கம்பளிக்குள் இருந்துகொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி 'ஃபிளை போயிருச்சா?' என்பதுதான் என்று நடித்துக் காட்டினார். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தது. அது ஓய்ந்தபோது தலைமையாசிரியர் பையின் அடியைத் தட்டினார். "இன்னும் ஒண்ணு இருக்கு, பார்."

லைஃப் ஜாக்கெட். பட்டை மாதிரி தோளில் ஒட்டிக்கிடக்கும், தண்ணீரில் விழுந்தால் தானே காற்றடைத்துக்கொள்ளும் வகை. தபால்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. நர்ஸ் அம்மா அப்போதுதான் மகள் பேசியதைச் சொன்னார். சுருக்கமாக, சுற்றி வளைக்காமல். இடுப்பளவு இனி வேண்டாம். முழங்கால் வரை. கில்லி எப்போதும் பத்தடி கீழே நிற்பார். வேடர்ஸ் பெல்ட்டை அவரே இறுக்குவார். இதற்கு ஒத்துக்கொண்டால் மகளிடம் நர்ஸ் அம்மாவே பேசிக்கொள்வார்.

தபால்காரர் பதில் சொல்லவில்லை. ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டார். கீழே தொங்கிய சிவப்புக் கைப்பிடியை விரலால் உருட்டினார். "இது எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே இழுத்துவிட்டார்.

டப்பென்று ஒரு சத்தம். மஞ்சள் பை கழுத்தைச் சுற்றிப் புஸ்ஸென்று எழும்பி, தாடையை மேலே தள்ளி, காதுவரை வந்து நின்றது. தேநீர்க் கோப்பை ஒன்று உருண்டது. அந்த மஞ்சளுக்கு நடுவே அவர் முகம் மட்டும், குனிய முடியாமல் நேராக, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. "வேலை செய்யுது" என்றார்.

தலைமையாசிரியர் ஒன்றும் பேசாமல் சட்டைப் பையில் கைவிட்டார். ஒரு சின்ன கரியமில வாயுக் குப்பியை எடுத்து மேஜையில் வைத்தார். காலியான குப்பிக்குப் பதிலாகப் போடும் புதுக் குப்பி. "நீ இழுப்பேன்னு தெரியும். சேர்த்தே வாங்கினேன்" என்றார்.

இந்த ஆண்டு பிப்ரவரி 1 ஞாயிற்றுக்கிழமையில் வந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் ஞாயிறன்று சால்மன் பிடிக்கச் சட்டம் இடம் தராது. மூன்றரை மாதம் காத்திருந்தவர்கள் இன்னும் ஒரு நாள் காத்திருக்க வேண்டும். இன்று பிற்பகல் யாரும் யாரையும் கூப்பிடாமலே ஐந்து பேரும் ஃபியூ பாலத்துக்கு வந்து சேர்ந்தோம். ஃபியூ சிற்றாறு பாங்கரியில் பாறைகளுக்கு இடையே விழுந்து, கொஞ்ச தூரத்தில் டீயோடு கலக்கும். தண்ணீர் கொஞ்சம் சூடேறிய பிறகுதான் மீன் அருவியில் எம்பும். இந்தக் குளிரில் ஒன்றும் எம்பாது என்று அத்தனை பேருக்கும் தெரியும். இருந்தும் ஒரு மணி நேரம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கறுப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தபால்காரர் சர்ச்சுக்குப் போட்ட நல்ல கோட்டின் மேல் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தார். புதுக் குப்பி போட்டது. கில்லி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னிக்கு எதுக்குடா லூன் இது? இன்னிக்குத்தான் மீன் பிடிக்கக் கூடாதே?"

"பிடிக்கத்தான் தடை," என்றார் தபால்காரர். "மிதக்கத் தடை இல்லை."

நர்ஸ் அம்மா கையுறையைக் கழற்றிவிட்டு, அவர் முதுகுப் பக்கம் போய், தொளதொளவென்று கிடந்த பட்டையை இரண்டு துளை இழுத்து இறுக்கினார்.